வளையத்துக்கு இரண்டு கிராம்

பஞ்சுக்கிடங்கு வீதியில் முதலில் கனம் குறைந்தது வசுமதிக்கு. சனிக்கிழமைதோறும் லேத்திலிருந்து உதிர்ந்த உலோகச் சுருளைக் கோணியில் கட்டி எடைபோட்டுப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பது குப்புராஜ் பட்டறையின் வழக்கம், அந்தச் சனிக்கிழமை மூட்டைகளெல்லாம் போன பிறகு சும்மா கிடந்த தராசின் மேல் அவள் விளையாட்டாக ஏறி நின்றாள், நாற்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தாறு காட்டினாள், "சோறு எறங்கலையா வசு?" என்று ஸ்டோர் பார்க்கும் இம்மானுவேல் கேட்டார், "எறங்குதுங்கண்ணா, உள்ள நிக்கத்தான் மாட்டேங்குது" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை நாற்பத்தைந்து. அதற்கடுத்த சனிக்கிழமை நாற்பத்து நாலு. கன்னம் ஒட்டவில்லை, வளையல் கழன்று விழவில்லை, ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் அப்படியே இருந்தாள், கனம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

குப்புராஜ் பட்டறையில் நாலு லேத், நாலிலும் ஒரே வேலை. போட்டிக்காரர்கள் குறிபார்த்துச் சுடுகிற ரைபிளின் முதுகில் ஒரு தூரப்பார்வைக் குழல் உட்கார்ந்திருக்கும், அந்தக் குழலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வளையம்தான் எங்கள் வீதியின் பிழைப்பு. தலைமயிரை நாலாகக் கிழித்தால் ஒரு கிழிசல் எவ்வளவோ அவ்வளவுகூட உள்வட்டம் பிசகக்கூடாது. அதைக் கடைகிறவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. சங்கம் நடத்துகிற நான் பார்த்திருக்கிறேன், போலீஸ் நீட்டியதை, மில் கேட்டின் முன்னால், அதன் வாய்ப்பக்கமிருந்து.

வளையத்தின் உட்புறத்தில், குழல் உட்கார்ந்ததும் மறைந்துபோகிற இடத்தில், கடைந்தவரின் குறி ஒன்று இருக்கும். அந்தக் குறி நான் வாங்கிக் கொடுத்தது. முன்பெல்லாம் தரமில்லை என்று தள்ளுபடியான வளையத்துக்கு நாலு பேர் கூலியிலும் சேர்த்துப் பிடிப்பார்கள். யார் கெடுத்தது என்று தெரியாதபோது எல்லாரும்தான் கெடுத்தது என்பது முதலாளிகளின் தர்க்கம். உழைத்தவர் அடையாளம் உழைப்பின் மேல் இருக்கட்டும் என்று நான் நோட்டீஸ் அடித்தேன், நாற்பத்தொரு நாள் வாசலில் உட்கார்ந்தோம், ஜெயித்தோம். உடைந்த டிரில்லின் முனையைத் தீட்டி ஆளுக்கொரு குறி குத்தும் பஞ்ச் செய்துகொண்டார்கள், ஒருவருக்குச் சிலுவை, ஒருவருக்கு மீன், ஒருவருக்குப் பிறை. வசுமதிக்கு மூன்று புள்ளி. அவள் ஒன்பது வருஷம் அந்தப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கியவள், சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கைகழுவப் போகும்போது லேத் பழகியவள், அவள் கடைந்த வளையங்களெல்லாம் அவளுடைய கொழுந்தன் கணக்கில் போய்க்கொண்டிருந்தன. மூன்று புள்ளியை முதன்முதலாகக் குத்திய அன்று, அந்த வளையத்தை டப்பாவில் போடாமல் சாயங்காலம் வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது இம்மானுவேல். அந்த மாதம் குப்புராஜ் உலோகத்தை மாற்றியிருந்தார். எழுபத்தஞ்சு என்று நாங்கள் சொல்கிற நல்ல அலுமினியக் கம்பிக்குப் பதிலாக அறுபத்தொண்ணு வந்திறங்கியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஆனால் நல்லது உளிபட்டால் பொரிபொரியாக உதிரும், மட்டமானது சவ்வுபோல நீளமாகச் சுருண்டு வரும், லேத் கடைகிற டர்னருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். டப்பாவின் மேல் ஒட்டுகிற காகிதத்தில் மட்டும் பழைய உலோகத்தின் பெயரே இருந்தது. பழைய வளையம் அறுபது கிராம், புதியது ஐம்பத்தெட்டு. இம்மானுவேல் குறைந்த இரண்டு கிராமை ஆள் ஒருவர் நாளைக்குக் கடைகிற எண்பது வளையத்தால் பெருக்கி, ஆறு நாளால் பெருக்கி, வசுமதி ஒரு வாரத்தில் இழந்ததோடு வைத்துப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தோழர், வளையத்துல கொறையற ரெண்டு கிராம் அதுல குறி போட்டவங்க ஒடம்புல போகுது" என்றார்.

ஏன் அப்படி என்று வீதியில் யாரும் கேட்கவில்லை. "காயிதத்துல ஒரு பேரு, உள்ள ஒரு சாமான். நடுவுல நிக்கறது நான் போட்ட குறிதானுங்க. சாட்சி சொன்னவதான் ஈடு கட்டோணும்" என்றாள் வசுமதி, அரிசி விலை ஏறியதைச் சொல்வதுபோல. மற்ற மூன்று டர்னர்களும் வரிசையாகத் தராசில் ஏறிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் குறைந்திருந்தது, தொந்தியுள்ள ஆண்கள் என்பதால் கவனிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் நடைமுறையாயிற்று. பெண்கள் புடவைக் கரையில் வாஷர் வைத்துத் தைத்தார்கள், ஆண்கள் டிராயர் பையில் நட்டும் போல்ட்டும் போட்டுக்கொண்டார்கள், அப்படிப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பட்டறைச் சாமான் திருடுகிறார்கள் என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திச் சோதித்தார், பாதிக் கனத்தில் இருக்கும் ஆளுக்குப் பாதி டிக்கெட் உண்டா என்று பஸ்ஸில் தகராறு நடந்தது, ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வந்தபோது நாலு பேரும் கைகோத்துக்கொண்டு சுவரோரமாக வேலைக்குப் போனார்கள். எடைக்கு எடை வாழைப்பழம் தருகிறேன் என்று எப்போதோ கோயிலில் நேர்ந்துகொண்டிருந்த மீன்குறிக்காரர் இதுதான் சமயம் என்று ஓடிப்போய்த் துலாபாரத்தில் உட்கார்ந்து எட்டுச் சீப்பு லாபம் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்காரர்கள் பஞ்சுக்கிடங்கு வீதி ஆட்களுக்குத் துலாபாரம் கிடையாது என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். வசுமதியின் கணவன் திருமூர்த்தி ஆட்டோ ஓட்டுகிறவன். திருப்பங்களில் அவள் வெளியே சரிந்துவிடாமலிருக்கப் பின்சீட்டில் ஒரு பெல்ட் தைத்தான். "ஏரோப்பிளேன்ல போறமாதிரி இருக்குதுங்க" என்று அவள் என்னிடம் பெருமையடித்தாள். இப்படித்தான் நம் ஜனங்கள் எதையும் பழகிக்கொள்வார்கள். இதைப் பொறுமை என்று புகழ்கிறவர்களை நான் நாற்பது வருஷமாக வெறுத்து வருகிறேன்.

நான் குப்புராஜிடம் போனேன். அவர் மேஜைமேல் விலைப்பட்டியல்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"ஏனுங் தோழர், நானென்ன தங்கத்த எடுத்துட்டுப் பித்தளையா வெச்சேன்? நல்ல கம்பி வெல ரெண்டு மடங்கு ஆயிருச்சு. வளையம் வாங்கற டெல்லிக்காரன் அஞ்சு வருசமா அதே ரேட்டுதான் குடுக்கறான். ஒரு ரூவா ஏத்திக் கேட்டாச் சீனாவுல வாங்கிக்குவேங்கறான்."

"வளையம் தாங்குமா?"

"பத்தாயிரம் வெடி தாங்குமுங்க."

"பத்தாயிரத்து ஒண்ணாவது?"

"அதச் சுடறவன் பாத்துக்குவான்." பட்டியலை மடித்தார். "நானொண்ணு சொல்றேன், கேளுங்க. குறியக் குத்தாம உட்ருங்க. யாரு கேட்டா? எடையும் போகாது, எனக்கும் பாவம் வேண்டாம். தள்ளுபடிய மட்டும் பழையபடி எல்லார்த்துக்கும் பொதுவாப் புடிச்சுக்கறேன்."

நான் மறுத்தேன். நாற்பத்தொரு நாள் பசித்து வாங்கிய உரிமையை விலைப்பட்டியலோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டு எழுந்து வருகிற தலைவனாக நான் வாழ்ந்ததில்லை. நல்ல உலோகம் வாங்கு, இல்லையேல் வேலைநிறுத்தம் என்றேன். பத்தொன்பது நாள் நின்றோம். மூன்றாம் நாளே கம்பிகள் மினி லாரியில் ஏறி அடுத்த வீதிப் பட்டறைக்குப் போயின, அங்கே குறியும் இல்லை, சங்கமும் இல்லை. இருபதாம் நாள் நாலு பேரும் உள்ளே போனார்கள். "பத்தொம்பது நாளும் எடை ஒரு கிராம் கொறையலீங்க. ஒலைதான் வெக்க முடியல" என்று வசுமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லை, அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஏழு மாதத்தில் அவள் பத்தொன்பது கிலோவுக்கு வந்தாள். அந்த எடையில் லேத் ஓட்ட முடியாது. கைப்பிடியைத் தள்ளினால் உளி நகர வேண்டும்; அவள் தள்ளினால் கைப்பிடி நின்ற இடத்தில் நின்றது, அவள்தான் பின்னால் போனாள். திருமூர்த்தி வந்து என் வாசலில் நின்றான். "நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ குறியக் குத்த மாட்டாளுங்க. சொல்லுங்க" என்றான். நான் சொல்லவில்லை. மறுநாள் அவளே வந்தாள், இடுப்பில் ஒரு சங்கிலியும் மடியில் இரண்டு படிக்கல்லுமாக, பஞ்ச்சை என் மேஜைமேல் வைத்தாள்.

"நான் தோத்துட்டேனுங்க தோழர்."

"நீ தோற்கவில்லை வசுமதி. விற்றுவிட்டாய்" என்றேன்.

"விக்கறதுக்கு எங்கிட்ட இன்னும் பத்தொம்பது கிலோதானுங்க இருக்குது" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் சிலுவையும் மீனும் பிறையும் என் மேஜைக்கு வந்தன. நாலையும் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினேன். குறியில்லாத வளையங்கள் டப்பா டப்பாவாகப் போயின. அவள் லேத்தில் ஒரிசாவிலிருந்து வந்த ஒருவரை நிறுத்தினார்கள். ராமு என்று கூப்பிட்டார்கள், அவர் பெயர் அதுவல்ல. வசுமதி வீட்டிலிருந்தாள். அடுத்த சனிக்கிழமை பத்தொன்பது, அதற்கடுத்த சனிக்கிழமையும் பத்தொன்பது. மீன்குறிக்காரர் வீதிக்கெல்லாம் காராப்பூந்தி வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் என்னைத் தாண்டிப் போகும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அங்கன்வாடி டீச்சர் செண்பகவல்லி எடை நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் வீதிக் குழந்தைகள் பதினான்கு. பதினான்கும் நூற்று அறுபது கிராம் குறைந்திருந்தன; ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்றில்லை, பதினான்கும் சரியாக நூற்று அறுபது. மேலதிகாரி டீச்சருக்கு எடைபோடத் தெரியவில்லை என்று திட்டியிருந்தார், அவர் வேறு அங்கன்வாடித் தராசை இரவல் வாங்கிவந்து மறுபடி போட்டிருந்தார், அதே எடை. எட்டு மாதக் குழந்தை ஒன்று தொட்டிலில் காற்றுக்கு இலைபோலப் புரள்கிறது என்று அதன் தாய் சொன்னாளாம், குழந்தை தவழத் துடிக்கிறது என்று வீதி சந்தோஷப்பட்டதாம்.

நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். நாலு லேத், நாளைக்கு முந்நூற்று இருபது வளையம், அறுநூற்று நாற்பது கிராம். எங்கள் வீதியில் நூறு தலை, மாதத்துக்கு இருபத்தைந்து வேலைநாள். யார் குறியும் இல்லாத வளையத்தின் குறையை, தள்ளுபடிக் கூலியைப்போலவே, எல்லார் தலையிலும் சமமாகப் போட்டிருந்தது. அன்று நானும் தராசில் ஏறினேன். லேத்தைத் தொட்டறியாத எனக்கும் நூற்று அறுபது குறைந்திருந்தது. ஒரு பெரிய மனிதனுக்கு அது ஒரு தம்ளர் தண்ணீர். எட்டு மாதக் குழந்தைக்கு அது ஒரு கையின் கனம்.

இதை வசுமதியிடம் நான் சொல்வதற்கு முன்னால் டீச்சர் சொல்லிவிட்டார். அவள் காற்றில்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.

"பாட்டலக் குடுங்க."

"எதற்கு?"

"என்ற குறிய மட்டும் எடுத்துக்கறேன். நாலு பேரு வளையத்துக்கும் நானே குத்தறேன். மத்தவங்க மாட்டாங்க, கேட்டுட்டுத்தான் வரேன். ஆளாளுக்கு ஒரு காரணஞ் சொல்றாங்க, எல்லாமே நல்ல காரணந்தானுங்க." அவள் கணக்கை ஏற்கெனவே போட்டிருந்தாள். "பத்தொம்பது கிலோ, நாளைக்கு அறநூத்தி நாப்பது. முப்பது நாள் வருமுங்க தோழர். அதுக்குள்ள நல்ல கம்பிய வாங்க வெச்சிருங்க."

குப்புராஜ் தடுக்கவில்லை. லேத்துகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார், திருமூர்த்தி ஆட்டோவிலிருந்த பெல்ட்டைக் கழற்றிவந்து அவளை அதில் கட்டினான், மூன்று ஆண்களும் ராமு என்றழைக்கப்பட்டவரும் கடைந்த வளையங்களை அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள், அவள் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று புள்ளியைக் குத்தினாள். அந்த வாரமே டீச்சரின் நோட்டில் எடை இறங்குவது நின்றது. அடுத்த வாரம் எட்டு மாதக் குழந்தை ஐம்பது கிராம் ஏறியது.

நான் அந்த நாட்களை எனக்குத் தெரிந்த விதத்தில் செலவழித்தேன். லேபர் ஆபீஸுக்கு மனு, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மனு, டெல்லிக்காரருக்குப் பதிவுத் தபால், இரண்டாயிரம் நோட்டீஸ். எடையளவு ஆபீஸில் இருந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க பட்டறைத் தராசு சரியாத்தானே காட்டுது? அப்பறமென்ன கம்ப்ளெய்ண்டு?" என்றார். எல்லா இடத்திலும் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். என்னிடம் அப்படி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது.

இருபதாம் நாள் வேலை முடிகிற நேரத்தில் நான் பட்டறைக்குள் போனேன். அப்போது அவள் எடை ஆறு கிலோ இருநூறு. பெல்ட்டுக்குள் அவள் உட்கார்ந்திருக்கவில்லை, பெல்ட்தான் அவளை ஸ்டூலின் பக்கம் பிடித்திழுத்துக்கொண்டிருந்தது. சுத்தியலுக்குக் கனம் இருந்ததால் குறி சரியாகவே விழுந்துகொண்டிருந்தது. நான் புதிய மனுவை எடுத்து வாசித்தேன். மூன்று பக்கம். நல்ல மனு, தொழிலாளியின் உடலே முதலாளியின் கச்சாப்பொருளாகிவிட்டது என்று ஒரு வரி அதில் இருந்தது. அவள் வளையத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். பிறகு, "நீங்க எத்தன கிலோ, தோழர்?" என்றாள். கிண்டலில்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

நான் மனுவை மடித்தேன். இம்மானுவேல் ஸ்டோர் ஜன்னலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டார்.

"கண்ணளவுல ஒரு அறுவது இருக்குமுங்களா?"

"அறுபத்திரண்டு."

"அப்ப மூணு மாசத்துக்கு மேலயே வருமுங்க" என்றாள்.

இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. கடைந்தவர்தான் குத்த வேண்டும் என்பது நான் எழுதிய விதி. அவள் மற்றவர் வளையத்தில் குத்திய அன்றே அந்த விதி உடைந்துவிட்டது, எவர் கை குத்தினாலும் அவர் கனம்தான் போகும் என்பது வீதியில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது, இருபது நாள் அவள் முன்னால் நான் மனுவோடு போய் வந்தேன், எனக்கு மட்டும் அது தோன்றவில்லை. நாற்பது வருஷம் உழைப்பைப் பற்றிப் பேசிய என்னிடம் குத்துவதற்கு ஒரு குறி இல்லை.

இம்மானுவேல் உடைந்த டிரில் ஒன்று கொடுத்தார். தீட்டத் தெரியவில்லை, சுழல்கிற கல்லில் விரலைக் கொடுத்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் ஒரு வெறும் கோடு வந்தது, அதற்குமேல் என் கைக்கு வரவில்லை. பெல்ட்டை அவிழ்த்து அவளை இறக்கினோம், திருமூர்த்தி தோளில் போட்டுக்கொண்டான், நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சாச்சு அடிக்காதீங்க தோழர், குறி வழுக்கும்" என்று அவள் அவன் தோள்மேலிருந்தே சொன்னாள். "நேரா வெச்சு ஒரே அடி. ரெண்டாவது அடி அடிச்சா அது பொய்யிங்க."

அது முப்பத்து மூன்று வேலைநாளுக்கு முன்னால். இன்று காலை என் எடை நாற்பத்தொன்று. வசுமதி வீட்டில் ஆறு கிலோ இருநூறோடு இருக்கிறாள், ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், போன கனம் எவருக்கும் திரும்பி வராது, அது எங்கெங்கோ துப்பாக்கிகளின் முதுகில் இருக்கிறது. குழந்தைகள் பதினான்கும் ஏறுகின்றன. குப்புராஜ் ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறார். எழுபத்தஞ்சுக் கம்பி வரவில்லை. டெல்லிக்காரர் எங்கள் விலையும் தரமும் மிகவும் திருப்தியளிப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறார், அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறது.

என்னிடம் இன்னும் அறுபத்து நாலு நாள் இருக்கிறது, அதற்குப் பிறகு ஸ்டூல் காலி. குறி தீட்டிக்கொள்ள உடைந்த டிரில்கள் இம்மானுவேலிடம் உண்டு. கணபதி ஏரியாவுக்குப் போகும் எந்தப் பஸ்ஸிலும் ஏறிப் பஞ்சுக்கிடங்கு ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் பட்டறையைக் காட்டுவார்கள். வரும்போது உங்கள் எடையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.